பூனையின் உப்பும் பதினொரு மிளகாயும்

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நான் அரைத்த மிளகாய் பதினொன்று. கோபத்தில் கண்மண் தெரியாமல் அரைத்துவிட்டேன் என்று பிற்பாடு சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. ஒவ்வொன்றாக எண்ணி, காம்பு கிள்ளித்தான் கல்லில் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என் பூனைக்கு மருந்து வைக்கிறார், தாயே, அவரை நீதான் கேட்கோணும் என்று சொல்லிச் சொல்லி அரைத்தேன். அரைத்ததை நீதிக்கல்லில் அப்பிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் ஏறினேன்.

எங்கள் பக்கத்தில் நகை களவு போனால், யாராவது நம்ப வைத்து ஏமாற்றினால், போலீஸுக்குப் போவதற்கு முன்னால் ஆனைமலைக்குப் போகிறவர்கள் உண்டு. கல்லில் மிளகாய் பூசினால் அந்த எரிச்சலில் அம்மன் தப்புச் செய்தவனைத் தேடிப் பிடிப்பாள் என்பது நம்பிக்கை. நியாயம் கிடைத்ததும் திரும்பப் போய் எண்ணெய் ஊற்றிக் குளிர வைத்துவிட்டு வர வேண்டும். நானோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருந்தவள். தினமும் கிருமியைக் கண்ணாடிக்கு அடியில் பார்க்கிறவள் மிளகாய் அரைக்கப் போவாளா என்று கேட்டால், போனேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கோயமுத்தூரில், கணபதிப் பக்கம், ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நானும் எங்கள் வீட்டுக்காரரும். அவர் மோட்டார் பட்டறையில் வேலை, அதிகம் பேசமாட்டார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம். இன்னொரு வீட்டில் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். மனைவி தவறிவிட்டார், மகளைக் காரமடையில் கட்டிக் கொடுத்திருந்தார். மொட்டை மாடியில் கூண்டு கட்டி இருபது முப்பது புறா வளர்த்தார். அவருக்குப் புறா, எனக்குப் பூனை. வம்பு வர இது போதாதா?

பூனை சாம்பல் நிறத்தில் கோடு போட்ட கடுவன். எங்களுக்குக் குழந்தை இல்லை, அதனால்தான் பூனை மேல் இத்தனை பாசம் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. பூனை நல்ல பூனை, அவ்வளவுதான். மூன்று மணிக்கு வேலை முடிந்து நான் வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளில் குழாயடியில் என்னோடு நிற்கும். ஐந்து வருஷம் அப்படித்தான் இருந்தது.

ஒரு நாள் அவருடைய வெள்ளைப் புறா ஒன்று காணாமல் போனது. பறக்கும்போதே கர்ணம் போடுகிற புறா, அவருக்கு உயிர். காம்பவுண்டு நடுவில் நின்றுகொண்டு, உங்க பூனைதானுங்க தின்னுபோட்டுது என்றார். எங்க பூனை அப்படிப் பண்ணாதுங்க என்றேன். வார்த்தை தடித்தது. கடைசியில் அவர் சொன்னார்:

"இனியொரு தடவை மாடிப் பக்கம் வந்துச்சுன்னா மருந்து வெச்சுப்போடுவேனுங்க, ஆமா."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று காலையிலேயே எங்கள் கட்டிலுக்கு அடியில் மூன்று வெள்ளை இறகுகளைப் பார்த்திருந்தேன். யாரும் பார்க்குமுன் எடுத்துக்கொண்டுபோய்ச் செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்திருந்தேன். அவ்வளவும் செய்துவிட்டுத்தான் அவர் முகத்துக்கு நேராக நின்று எங்க பூனை அப்படிப் பண்ணாது என்று சாதித்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பூனை வாந்தி எடுத்தது. சோறு வேண்டாம், மீன் தலை வேண்டாம். கருவாட்டை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் தூக்கினால் ஈரத்துணி மாதிரி கையில் தொங்கியது. காது சில்லென்று இருந்தது. துணிப்பையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆடு மாடுகளோடு நின்றிருந்தவர்கள், பூனைக்கெல்லாமா ஊசி என்று சிரித்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், சிரிக்கவில்லை. தோலுக்கு அடியில் சலைன் ஏற்றி, ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போட்டார். எதையாவது கண்டதைத் தின்றிருக்கும், யாராவது விஷம் வைத்திருந்தாலும் இப்படி வரலாம் என்றார்.

அந்த ஒரு சொல் போதாதா எனக்கு?

மூன்றாம் நாள் பூனை எழுந்து சோறு தின்றது. விஷம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு மறுபடியும் அதே வாந்தி, அதே சில்லென்ற காது. மறுபடியும் சலைன், ஊசி, மறுபடியும் எழுந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் தடவை சாகவில்லை என்று இரண்டாவது தடவையும் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்காரர் மட்டும், அந்த மனுசன் அப்படிச் செய்யறவரில்ல புள்ள என்றார். நீங்கள் யார் பக்கம் என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். பொள்ளாச்சியில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலை உக்கடத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சியில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஆனைமலை போய்ச் சேர்ந்தேன்.

படுத்திருக்கும் அம்மன் முன்னால் நின்று வழக்கைச் சொன்னபோது இறகுக் கதையை மட்டும் விட்டுவிட்டேன்.

வீடு திரும்பியதும் பூனை ஓடி வந்தது. ஆசையாக முகத்தைத் தடவிக் கொடுத்தேன். அது அடுக்கடுக்காகத் தும்மி, முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. மிளகாய்க் கை. யார் மேலோ ஏவிய எரிச்சல் முதலில் என் பூனை மூக்கில்தான் போய் விழுந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு கண்ணும் சிவந்து, நீர் வழிய, துண்டால் ஒற்றிக்கொண்டே குழாயடிக்கு வந்தார். அந்த மாதம் தெருவில் பாதிப் பேருக்குக் கண்வலி இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கே தினமும் பத்துப் பேர் செவசெவ என்ற கண்ணோடு வந்துகொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், பதினொன்று அதிகமோ, ஐந்தாறு போதுமாக இருந்திருக்குமோ என்று மனசு அடித்துக்கொண்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்? பத்து நாளில் அவருக்குச் சரியானது. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. இருந்ததை இருந்தபடி சொல்கிறேன்.

மூன்றாவது தடவை பூனை விழுந்தபோது நான் வேலையில் இருந்தேன். மத்தியானம், நோயாளிகள் கூட்டம் கலைந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போகிற நேரம். லேப் ஜன்னலில் யாரோ தட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர். சைக்கிள் மிதித்து வந்ததில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, மூடிய சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை ஜன்னல் வழியாக நீட்டினார். அதில் ரத்தம்.

"அம்மணி, பூனை மாடிப்படியில கெடந்துச்சுங்க. புறாக் கூடையில போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டேன். இதுல உப்பு எவ்வளவு இருக்குன்னு பாத்து உடனே சொல்லச் சொன்னாருங்க டாக்டர்."

நான் யார் மேல் மிளகாய் அரைத்தேனோ அந்த மனுஷன் என் பூனையின் ரத்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குப்பியை வாங்கும்போது அவர் கை நடுங்கியது. இவருக்கு எதற்கு நடுங்க வேண்டும்? பிடிபட்டுவிடுவோம் என்ற பயமா? அப்போதும் என் புத்தி அப்படித்தான் போனது.

ரத்தத்தில் உப்பைப் பார்ப்பதற்கு எங்களிடம் அப்போது ஒரு தீ எந்திரம் இருந்தது. கேஸ் அடுப்பு மாதிரி உள்ளே நீலமாக எரியும். கலந்து வைத்த ரத்தத்தை அது உறிஞ்சித் தீயில் தூவும். சோடியம் இருந்தால் தீ மஞ்சளாக மாறும், எவ்வளவு மஞ்சள் என்பதை முள் காட்டும். பூனைக்குச் சோடியம் நூற்றைம்பதை ஒட்டி இருக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார். முள் நூற்று இருபத்து நாலில் நின்றது. நாலைந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது. எந்திரத்தைச் சரிபார்த்து இன்னொரு தடவை ஓட்டினேன். அதேதான். பொட்டாசியம் இப்படி ஏறினால் நெஞ்சு எந்நேரமும் நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். டப்பாவை அப்படியே போட்டுவிட்டு அவர் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தேன்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம். சிறுநீரகத்துக்கு மேலே பயறு அளவில் அட்ரினல் என்று ஒரு சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது, உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கிற ஹார்மோன் அதிலிருந்துதான் வருகிறது என்று விளக்கினார். அது வற்றிப்போனால் உப்பெல்லாம் மூத்திரத்தில் போய்விடும், ரத்த அழுத்தம் இறங்கிவிடும், நெஞ்சுத் துடிப்பு மெதுவாகிவிடும். சலைனும் ஸ்டீராய்டும் ஏற்றியபோதெல்லாம் எழுந்ததும் அதனால்தான், அது தீர்ந்ததும் விழுந்ததும் அதனால்தான். நாய்களில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், பூனையில் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன் என்றார். உறுதி செய்ய வேறொரு சோதனை உண்டாம், இங்கே அதற்கு வழியில்லையாம். மருந்து கொடுத்துப் பார்ப்போம், எழுந்தால் அதுதான் நோய் என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சில மாதமாகவே பூனை, கல்லுப்பு ஜாடிக்கு அடியில் கசிந்திருக்கும் ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தது. சொன்னேன். அதுவும் இதனாலா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை. கேட்டேன்.

"விஷம் இல்லீங்களா டாக்டர்?"

"விஷமெல்லாம் இல்லைம்மா. யாரும் எதுவும் செய்யலை."

எனக்கு முந்திக்கொண்டு பெருமூச்சு விட்டது பக்கத்து வீட்டுக்காரர். விட்டது மட்டுமில்லை, சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பூனை உடனே எழுந்துவிடவில்லை. நாயாக இருந்தால் ஒரே நாளில் துள்ளும், பூனை நாலைந்து நாள் எடுக்கும், பொறுத்திருங்கள் என்று டாக்டர் எச்சரித்துத்தான் அனுப்பினார். தினமும் காலையில் சலைனும் ஊசியும் போட்டுக் கொண்டுவந்து சமையல்கட்டு மூலையில் சாக்குமேல் படுக்க வைப்போம். நான் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து காவலிருந்தார். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அதன் வாயோரம் வைத்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் நான் வீட்டுக்கு வந்தபோது அவர் முகம் சரியாக இல்லை.

"அம்மணி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்க" என்று ஆரம்பித்தார். "இது வாந்தி எடுக்கறதுக்கு நாலு நாளு முன்னால நான் ஆனைமலை போயிட்டு வந்தேனுங்க. புறா போன ஆத்தரத்துல. உங்க பூனை பேருல ஏழு மொளகா அரைச்சுபோட்டேன்."

அவர் விடாமல் பேசினார். பூனை வாந்தி எடுத்த ஒவ்வொரு தடவையும் அது தன்னால்தான் என்று நினைத்தாராம். மாடிப்படியில் அது விறைத்துக் கிடந்ததைப் பார்த்தபோது, வாயில்லாச் சீவனைக் கொன்றுவிட்டேனே என்று கை கால் ஓடவில்லையாம். மருந்து வைப்பேன் என்றது வாய்ப்பேச்சு, மிளகாய் அரைத்ததுதான் நிஜம் என்றார். சொல்லிவிட்டு அந்தச் சுரப்பிக் கதையை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். எத்தனை நாளாக வற்றிக்கொண்டிருந்திருக்கும் என்று கேட்டார். மாதக்கணக்காக இருக்கலாம், நீங்கள் ஆனைமலை போவதற்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கியிருக்கும் என்றேன்.

"அப்ப நான் பண்ணுனது இல்லீங்களா?"

"இல்லீங்கண்ணா. சத்தியமா இல்லீங்க."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. என் பதினொன்று தொண்டை வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன். மிளகாய் அரைக்க இருந்த தைரியம் அதைச் சொல்ல எனக்கு இல்லை.

ஐந்தாம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த என்னை அவர் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். ஓடினேன். சாக்கு காலியாகக் கிடந்தது. பூனை தள்ளாடித் தள்ளாடி வாசல்வரை போய், முன்னங்காலைப் படியில் ஊன்றி, தலையை நிமிர்த்தி, மொட்டை மாடிச் சுவரில் உட்கார்ந்திருந்த புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வால் நுனி மெதுவாக ஆடியது.

"பாருங்க, பாருங்க, புறாவைப் பாக்குதுங்க!" என்றார் அந்த மனுஷன். பெற்ற பிள்ளை முதல் அடி வைத்த மாதிரி அப்படிச் சிரித்தார். நான் பல்பொடி வாயோடு அங்கேயே அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் அழுததில்லை.

உப்பைப் பிடித்து வைக்கும் மாத்திரை மெட்ராஸிலிருந்து வந்து சேர ஒரு வாரம் ஆனது. அதுவரை சலைனிலும் ஊசியிலும் ஓட்டினோம். பிறகு தினமும் அந்த மாத்திரையில் பாதி, ஸ்டீராய்டு மாத்திரையில் கால், பொடித்து மத்தி மீன் சாற்றில் கலந்து கொடுப்போம். அதைத் தின்றுகொண்டு பூனை இன்னும் ஆறு வருஷம் இருந்தது. பாதி நாள் மாத்திரை கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர்தான். புறாக்கூண்டுக்கு எங்கள் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து இரும்புவலை கொண்டுவந்து அடித்துக் கொடுத்தார்.

பூனை தேறிய மாதமே, பக்கத்து வீட்டு அண்ணன் ஆனைமலைக்கு எண்ணெய் ஊற்றப் போவதாகச் சொன்னார். நானும் வாரேனுங்க என்றேன். பூனைக்காக வருகிறேன் என்று நினைத்துக்கொண்டார். பஸ்ஸில் பொள்ளாச்சி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். கோயில் வாசல் கடையில் அவர் ஒரு புட்டி நல்லெண்ணெய் வாங்கினார். நானும் ஒன்று வாங்கினேன்.

"ரெண்டு எதுக்குங்க அம்மணி? ஒண்ணு போதுமே" என்றார்.

இனிமேல் முழுங்க முடியாது. "இது பூனைக்கு இல்லீங்கண்ணா, உங்களுக்கு" என்றேன். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தனைங்க?"

"பதினொண்ணு."

நான் நிறுத்தவில்லை, இறகையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். பூனைதான் புறாவைத் தின்றது என்று தெரிந்தே பொய் சொன்னேன், இறகைச் செம்பருத்திக்கு அடியில் புதைத்தேன், அம்மன் முன்னாலும் அதை மறைத்தேன் என்று அழுதுகொண்டே கொட்டினேன்.

"எறகு தெரியுமுங்க" என்றார் நிதானமாக. "அடுத்த நாளே உங்க பூனை அதைத் தோண்டி எடுத்தாந்து என் ஊட்டு வாசல்ல போட்டுட்டுப் போயிருச்சு. அதைப் பாத்துட்டுத்தான் நான் இங்க வந்தேன்."

"அப்போ நான் பொய் சொன்னது தெரிஞ்சும், என் பேருல அரைக்கலீங்களா?"

"அரைக்கத்தான் கை போச்சுங்க. அப்பறம், தன் ஊட்டுச் சீவனை யாரு காட்டிக் குடுப்பாங்கன்னு உட்டுப்போட்டேன்."

அதற்குமேல் என்னால் நிமிர்ந்து அவரைப் பார்க்க முடியவில்லை. வரிசையில் நின்று கல்லருகே போனோம். யார் யாரோ பூசிய மிளகாய் காய்ந்து ஒட்டியிருந்தது. என் புட்டியைத் திறந்து கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்தேன். மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த எரிச்சல் அந்த எண்ணெயோடு இறங்கிப் போனது. அவர் தன் புட்டியில் பாதியை ஊற்றினார். மீதிப் பாதியை மூடாமல் என் கையில் கொடுத்தார்.

"பதினொண்ணுக்கு ஒரு புட்டி பத்தாதுங்க அம்மணி" என்றார். "இதையும் ஊத்துங்க."